மாமாவின் நான்கு மெஷின்களை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. டிப்ளமா முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூன்று வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதிலிருந்து ஆர்டர் இறங்கி, வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. சேமிப்பு 60,000 ரூபாய் இருக்கிறது. பவர் டேபிள் (சின்னத் தையல் யூனிட்) வைத்திருக்கும் மாமா, சும்மா நிற்கும் தன் நான்கு மெஷின்களை 3 லட்சத்துக்குத் தருகிறேன், லோன் போட்டு எடுத்து ஜாப் ஒர்க் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) ஆரம்பி என்கிறார். அம்மா டெய்லர். எனக்குத் தைக்கத் தெரியாது, செக்கிங் மட்டும்தான் தெரியும். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? வேண்டாம் என்றால் மாமாவிடம் எப்படிச் சொல்வது?
— வாசகர், பெருமாநல்லூர்

பதில்: தம்பி, அந்த மெஷின்கள் ஏன் சும்மா நிற்கின்றன என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலே இருக்கிறது. ஆர்டர் குறைந்தால் கம்பெனிகள் முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்கை. மிச்சம் இருக்கிற வேலையைத் தங்கள் சொந்த லைனுக்குள் இழுத்துக்கொள்வார்கள். அனுபவப்பட்ட மாமாவுக்கே வேலை வராத மெஷின், உங்கள் பேருக்கு மாறியதும் ஓடிவிடாது. 3 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 10,000 ரூபாய். அதற்கு மேல் வாடகை, கரன்ட், டெய்லர்களுக்கு அட்வான்ஸ். வாங்க வேண்டாம்.

ஆனால் இதே நெருக்கடியில் உங்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. இன்று ஊரில் மலிவாகக் கிடைப்பது மெஷின் நேரம்; கிடைக்காமல் தவிப்பது ஆர்டர். நல்ல காலத்தில் 100 பீஸ் தைத்துத் தாருங்கள் என்று போனால் எந்த யூனிட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்காது. இப்போது உட்காரவைத்துப் பேசுவார்கள். ஆகவே கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் ஆர்டர் பிடிப்பதில் போடுங்கள்.

வேலையை விடாதீர்கள். நான்கு நாள் சம்பளமும், பிஎஃப், இஎஸ்ஐ தொடர்ச்சியும் சின்ன விஷயமல்ல. மீதி நாட்கள் உங்களுடையவை. ஒரே நிபந்தனை: கம்பெனியின் பையர், பேட்டர்ன், துணி எதையும் தொடக்கூடாது.

50 முதல் 200 பீஸ் வரையிலான உள்நாட்டு ஆர்டர்கள்தான் உங்கள் இலக்கு. கல்லூரித் துறை டி-ஷர்ட், பள்ளி விளையாட்டு விழா, கபடி அணி, ஜிம், ஸ்வீட் கடை ஊழியர் சீருடை மாதிரி. திருப்பூருக்குள்ளே தேடாதீர்கள், இங்கே ஆளாளுக்கு ஒரு பனியன்காரரைத் தெரியும். உங்களோடு டிப்ளமா படித்தவர்கள் எந்தெந்த ஊரில், எந்தெந்தத் தொழிற்சாலையில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சில்லறை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அடுத்து, “செக்கிங் மட்டும்தான் தெரியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘மட்டும்’ வேண்டாம். சின்ன ஆர்டர் எடுக்கிற பலரும் சறுக்குவது துணியிலும் அளவிலும்தான். அது உங்கள் கண்ணுக்குப் பழகிய இடம்.

துணிக்கடையில் 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். நம்பிவிடாதீர்கள். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற, 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துணியின் ஓரத்தை விட்டு மூன்று இடங்களில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி எடை போடுங்கள். 1.8 கிராம் இருந்தால் 180 ஜிஎஸ்எம். 1.6 தான் காட்டுகிறது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு 50-க்கு 50 சென்டிமீட்டரில் ஒரு துண்டு வாங்கிவந்து, துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 47.5-க்குக் கீழே போனால் சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 28 இன்ச் நீளச் சட்டை முதல் சலவையிலேயே ஒன்றரை இன்ச் ஏறிவிடும். அந்தச் சதுரம் சாய்சதுரமாகக் கோணியிருந்தால் துணி முறுக்குகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட சிங்கிள் ஜெர்சியில் (டி-ஷர்ட்டுக்கான மெல்லிய பின்னல் துணி) தைத்தால் பக்கத்தையல் இரண்டு சலவையில் முன்வயிற்றுக்கு வந்து நிற்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தத் துணி வேண்டாம்.

கலர் விஷயத்தில் ரெடி ஸ்டாக்கில் இருப்பதைத்தான் எடுக்கவேண்டும். 25 கிலோவுக்காக உங்களுக்கென்று சாயம் போட்டுத் தரமாட்டார்கள். வாடிக்கையாளரிடம் ஷேடு கார்டை (கலர் மாதிரி அட்டை) காட்டி, இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ரோலுக்கு ரோல் ஷேடு மாறும் என்பதால், ஒரு சட்டையின் முன்புறம், பின்புறம், கை எல்லாம் ஒரே ரோலிலிருந்து வெட்டவேண்டும். கட்டு கட்டும்போதே ரோல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். ரோலை ஒருநாள் பிரித்துப் போட்டுவைத்துவிட்டு வெட்டுங்கள். இழுபட்டுச் சுற்றியிருக்கும் துணியை அப்படியே வெட்டினால், தைத்து முடிப்பதற்குள்ளேயே பீஸ் குட்டையாகிவிடும்.

தையலில் இரண்டைப் பார்த்தால் போதும். ஊசி, பின்னலாடைக்கான உருண்டை முனை ஊசியாக இருக்கவேண்டும். முனை மழுங்கினால் இழையை அறுத்துவிடும். மெஷினில் தெரியாது, ஒரு சலவைக்குப் பிறகு தையல் ஓரமெல்லாம் பொத்தல் விழும். கழுத்துச் சுற்று 20 இன்ச் என்றால் ரிப் (கழுத்தில் வைக்கும் இழுபடும் பட்டி) 17 இன்ச் அளவில் இருந்து, இழுத்துத் தைக்கவேண்டும். அளவுக்கு அளவாக வைத்துத் தைத்தால் கழுத்து தொங்கிவிடும். பிரின்டை, வெட்டிய துண்டிலேயே அடித்துவிடுங்கள். பிரின்ட் கெட்டால் அந்தத் துண்டோடு போகும், தைத்த சட்டையில் கெட்டால் முழுச் சட்டையும் போச்சு.

சைஸ் எடுக்கும் இடத்தில்தான் பணம் கரையும். வாட்ஸ்ஆப்பில் “எனக்கு எம்” என்று அனுப்புவதை வைத்துத் தைக்கவே தைக்காதீர்கள். ஒரு பிராண்டின் எம் இன்னொரு பிராண்டின் எல். மார்பு 36 முதல் 44 இன்ச் வரை ஐந்து சட்டைகள் ஒரு செட்டாகத் தைத்து வைத்துக்கொண்டு, போட்டுப் பார்க்கச் சொல்லி, பேருக்கு நேரே எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. விலைகளை நீங்கள் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். 180 ஜிஎஸ்எம் வட்டக்கழுத்து, 100 பீஸ். பீஸுக்கு 220 கிராம் வீதம் 22 கிலோ. சேதாரத்துக்கும் நாலைந்து பீஸ் கூடுதலாக வெட்டவும் சேர்த்து 24 கிலோ. கிலோ 420 என்றால் 10,080, அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 504. கட்டிங், தையல், அயர்ன், பேக்கிங் பீஸுக்கு 35 வீதம் 3,500. ஒரு கலர் பிரின்ட், ஸ்கிரீன் செலவோடு 1,500. லேபிள், கவர் 400. வண்டி 600. மொத்தம் 16,584 ரூபாய், பீஸுக்கு 166. விற்கிற விலை 220 என்றால் கையில் நிற்பது 5,416. இதில் பத்துப் பீஸ் சைஸ் சரியில்லை என்று திரும்பினால் 2,200 போய்விடும். மேலே சைஸ் செட்டை அவ்வளவு அழுத்திச் சொன்னது இதனால்தான்.

பாதிப் பணம், அதாவது 11,000, அட்வான்ஸாக வந்தால்தான் துணி எடுக்கவேண்டும். மீதி டெலிவரி கொடுக்கும்போதே. தெரிந்தவர்தானே என்று மாதக் கணக்கு வைக்காதீர்கள். இந்த ஊரில் சின்ன யூனிட்டுகளை முடக்குவது வராத பில்தான். இந்த முறையில் ஒரு ஆர்டருக்கு உங்கள் கைப்பணம் 5,600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சேமிப்பில் 30,000-ஐ வீட்டுச் செலவுக்கென்று வேறு கணக்கில் போட்டுவிட்டு, மீதி 30,000-ல் இதை ஓட்டலாம்.

பதிவுகள்: தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பில்லிலிருந்தே வேண்டும். கம்பெனிகளும் கல்லூரிகளும் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள், எனவே இரண்டு மூன்று ஆர்டர் கைகூடியதும் எடுத்துவிடலாம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். அதற்கு ஏஜென்டுக்குப் பணம் தராதீர்கள். ஆனால் பதிவு செய்வதற்கு முன் ஒருமுறை மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்வாருங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்ற மானியக் கடன்கள் புதிய தொழிலுக்குத்தான். எதை முதலில் செய்வது, இப்போது என்ன விதி என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கையில் ரொக்கமாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் அது மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். முழுக் கடனுக்கும் தவணை கட்டும் தெம்பு இருந்தால்தான் அந்தப் பக்கம் போகவேண்டும்.

திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் ரத்தான எக்ஸ்போர்ட் சரக்கு மலிவாக வருகிறது, வாங்கி விற்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். வெளிநாட்டு பிராண்ட் லேபிளோடு இருக்கும் பீஸை அனுமதி இல்லாமல் விற்றால் டிரேட்மார்க் வழக்கு வரலாம். தவிர, அமெரிக்க அளவில் வெட்டிய பெரிய சைஸ்கள்தான் கடைசிவரை மூலையில் கிடக்கும். முதல் ஆறு மாதம் அதில் இறங்காமல் இருப்பது நல்லது.

அம்மாவிடம் இருக்கும் தையல் மெஷினை முழு ஆர்டருக்கு இழுக்காதீர்கள். செக்கிங்கில் நீங்கள் ஒதுக்கும் பீஸ்களில் விட்ட தையலைப் போடவும், லேபிள் வைக்கவும் அவர் கை போதும். அதற்கும் பீஸ் கணக்கில் கூலி எழுதிவையுங்கள். வீட்டு உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லிப் பழகினால், பிற்பாடு வெளியே கொடுக்கும் நாளில் கையைக் கடிக்கும்.

இனி மாமா. கடன் வேண்டாம், பயமாக இருக்கிறது என்று சொன்னால் தைரியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மறுப்பதற்குப் பதில் வேலையோடு போங்கள். முதல் ஆர்டரின் அட்வான்ஸ் வந்து, துணி எடுத்து வெட்டி முடித்ததும், அந்தத் துணிக்கட்டுகளையும் ஒரு மாதிரிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போய், “மாமா, மெஷின் உங்ககிட்டயே இருக்கட்டும். இந்த நூறு பீஸை உங்க மெஷின்லயே தைச்சுக் குடுங்க. கூலியை டெலிவரி அன்னிக்கே குடுத்துடறேன்” என்று கேளுங்கள். நிற்கிற மெஷினுக்கு வேலை வந்தால் அவருக்கும் அதை விற்கிற அவசரம் குறையும். கூலியைத் தேதியோடு நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சொந்தத்துக்குள் என்பதால் இது இன்னும் அவசியம்.