ஓடப்போகும் பிள்ளைக்குக் காலையில் வெறும் பிளேன்டீ போதுமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, 3000 மீட்டரும் வீதியோட்டமும் ஓடுகிறாள். இரண்டு மாதமாகக் கால் கனக்கிறது, தலை சுற்றுகிறது என்கிறாள். ஓடும் நேரமும் கூடிக்கொண்டே போகிறது. தண்ணீர் போதாது என்கிறார் ஓட்டம் பழக்கும் சேர். காலை ஐந்தரைக்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஓடப் போவாள், வந்ததும் பாடசாலை. இன்டர்வலுக்குத்தான் ரொட்டியும் சம்பலும். எனர்ஜி டிரிங்க் வாங்கிக் கொடுக்கலாமா? அடுத்த மாதம் கொழும்பில் போட்டி.

பதில்: எனர்ஜி டிரிங்க் வேண்டாம் அம்மா. அதில் இருப்பது கஃபீனும் சீனியும். வளரும் பிள்ளைக்குப் படபடப்பும் தூக்கக்கேடும்தான் மிஞ்சும். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

சேர் சொல்வதுபோல் தண்ணீரும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்குக் கவலை தந்தது அந்த ஐந்தரை மணி பிளேன்டீ. முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, மறுநாள் இன்டர்வல் வரைக்கும் கிட்டத்தட்ட பதினான்கு மணிநேரம் பட்டினி. அதற்கு நடுவில் மலைப் பாதையில் ஏறி இறங்கி ஓட்டம் வேறு. ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரை இரவிலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். தலை சுற்றாமல் என்ன செய்யும்?

ஓடப் போகுமுன் ஒரு வாழைப்பழம், இல்லையென்றால் ஒரு துண்டு பாண். ஓடிவிட்டு வந்ததும், பாடசாலைக்குப் போகுமுன்பே வயிறு நிறையச் சாப்பாடு. ரொட்டியைக் குறை சொல்ல மாட்டேன், ஓடுகிறவளுக்கு அந்த மாவு வேண்டும். அதோடு பருப்போ, அவித்த கடலையோ, ஒரு முட்டையோ சேரட்டும். கொழுந்து பறிக்க விடியவே கிளம்பும் உங்களுக்கு இது கூடுதல் வேலை என்று தெரியும். இரவே கடலையை அவித்து வைத்தால் காலையில் சூடாக்கினால் போதும்.

அடுத்தது இரும்புச்சத்து. மாதவிடாயில் இரத்தம் போகும் வயது, வளர்த்தி வேறு. போதாததற்கு நீண்டதூர ஓட்டத்தில் பாதம் தரையில் அடிபட்டு அடிபட்டுச் சிவப்பணுக்களும் கொஞ்சம் சிதையும். இப்படிப்பட்ட பிள்ளை சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்துக் குடிக்கட்டும். சாப்பாட்டோடு கொய்யாவோ நெல்லியோ தேசிக்காய்ப் புளியோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். நெத்தலியும் நல்லது.

பிள்ளையின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவப்பில்லாமல் வெளிறியிருந்தால் இன்னும் சந்தேகம். சிவப்பாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஆனால் அது குறையுமுன்பே கையிருப்பு இரும்பு தீர்ந்துவிடும், அதனால் அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பரம்பரையாக வரும் தலசீமியா என்ற இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம். ஆகவே டாக்டர் சொல்லாமல் இரும்பு மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓடுகிற அளவுக்கு உணவு போதாத பிள்ளைகளுக்கு அப்படி நிற்பதுண்டு.

சரி, தண்ணீர். பனிமூட்டத்தில் ஓடும்போது தாகம் தெரியாது, வியர்வை மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஓடுமுன்னும் ஓடியபின்னும் தராசில் நிறுத்துப் பாருங்கள். அரைக் கிலோ குறைந்தால் அரை லீட்டர் போயிருக்கிறது. உதாரணமாக, 42 கிலோ பிள்ளைக்கு 800 கிராமுக்கு மேல் குறைந்தால் அது அதிகம். ஒரு மணிநேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். அதற்காக லீட்டர் கணக்கில் குடிக்க வைக்கவும் கூடாது, இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்தாகும்.

கொழும்பு விஷயம் வேறு. குளிரில் பழகிய உடம்பு அந்த வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். உறவினர் வீடு இருந்தால் முன்கூட்டியே அனுப்புங்கள். இல்லாவிட்டால் முதல் சுற்றுகளை நிதானமாக ஓடச் சொல்லுங்கள், நேரத்தைப் பார்க்க வேண்டாம். பையில் ஒரு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பக்கெற் இருக்கட்டும், அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் மட்டும் கரையுங்கள். ஓட்டத்தில் வாந்தியோ தடுமாற்றமோ வந்தால் உடனே நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

இரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரைக்கும் தூரத்தைப் பாதியாக்கச் சொல்லி சேரிடம் பேசுங்கள். இந்தப் பதிலையே அவரிடம் காட்டலாம். கொழும்புக்குப் போவதா இல்லையா என்பதை அந்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு, பிள்ளையையும் உட்கார வைத்து முடிவெடுங்கள்.