டாப்-அப் கடனில் வளரும் கிடார் சேகரிப்பு

கேள்வி: 1950, 60-களின் எலக்ட்ரிக் கிடார்களைச் சேர்த்து வருகிறேன். ஐந்து இருக்கின்றன. எல்லாமே 14 சதவீத வட்டியில், ஐந்து வருடத் தனிநபர் கடனில் வாங்கியவை. பாதிக் கடன் முடிந்ததும் டாப்-அப் (அதே கடனின் மேல் கூடுதல் கடன்) போட்டு அடுத்ததை வாங்குவேன். சேகரிப்பின் மதிப்பு கடனைவிட அதிகம் என்ற தைரியம்தான். ஆனால் இப்போது தவணைக்கே சம்பளத்தில் பாதி போகிறது, வீட்டில் தினமும் சண்டை. ஃபெண்டர் நிறுவனத்தின் 1963 ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மறுபெயின்ட் அடித்தது என்பதால் பாதி விலை. வாங்கலாமா? அல்லது அரிய கிடார்களைப் பங்கு பங்காக விற்கும் ஆப்பில் பணம் போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அந்த டாப்-அப்பை நிறுத்துங்கள்.

‘பாதிக் கடன் முடிந்ததும்’ என்கிறீர்கள். பாதி முடிவது காலம்தான், கடன் அல்ல. கிடார் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். 14 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 2.33. இரண்டரை வருடத்தில் 70 கட்டியிருப்பீர்கள். அப்போதும் அசல் 58, 59 பாக்கி நிற்கும். அதன் மேல் இன்னொரு 100 டாப்-அப் வாங்கினால் கடன் 159. ஐந்து வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். வட்டி அதிகமாகப் போகும் ஆரம்ப வருடங்களிலேயே நீங்கள் நிற்கிறீர்கள், அசல் கரையும் வருடங்களுக்குப் போய்ச் சேருவதே இல்லை. தவணை சம்பளத்தில் பாதியைத் தின்பது இதனால்தான்.

ஒரே கிடாரை டாப்-அப் இல்லாமல் முழுதாகக் கட்டி முடித்தாலும் மொத்தம் 140 ஆகிறது. காப்பீடு, பராமரிப்பு என்று ஒரு 5 சேர்த்தால் 145. விற்றுத் தரும் கடை 20 சதவீதம் கமிஷன் எடுத்தால், 145 உங்கள் கைக்கு வர அது 181-க்கு விற்க வேண்டும். அதாவது ஐந்து வருடமும் விடாமல் வருடத்துக்கு 12, 13 சதவீதம் விலை ஏற வேண்டும். லாபத்துக்கு அல்ல, நஷ்டம் வராமல் இருக்க.

கிப்சன் நிறுவனத்தின் 1959 லெஸ் பால் கிடார் இன்று பெரும் விலைக்குப் போகும் கதையைச் சொல்லித்தான் பலரும் இதற்குச் சமாதானம் தேடுகிறார்கள். நடுவில் வெளிறி ஓரத்தில் அடர்ந்த நிறம் கொண்ட அந்த சன்பர்ஸ்ட் மாடல் சரியாக விற்காமல் 1960-லேயே நின்றுபோனது. பிறகு எரிக் கிளாப்டன் போன்ற ராக் கிடார் கலைஞர்கள் எடுத்து வாசித்ததால் வந்த மவுசு அது. 1958, 59-ல் கிப்சன் அனுப்பிய ஃபிளையிங் வி என்ற மாடல் மொத்தமே நூற்றுக்குள்தான்; அன்று அதையும் வாங்க ஆளில்லை. எது ஏறும் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஏறியதும் நேர்கோட்டில் ஏறவில்லை: 2008 நெருக்கடிக்குப் பிறகு பழைய கிடார்களின் விலை நன்றாகவே சரிந்தது. விலை சரிந்தது என்பதற்காக வங்கி தவணையைக் குறைப்பதில்லை.

அந்த 63 மாடலுக்கு வருவோம். அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். 1965-ல் ஃபெண்டரை வாங்குவதற்கு முந்தையது, சேகரிப்பாளர்கள் தேடும் காலம், சந்தோஷம். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் கைவேலை எவ்வளவு இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். 1950-களில் கிடாரின் கழுத்தை வடித்த டடேயோ கோமஸ் தன் முதலெழுத்துகளைப் பென்சிலால் எழுதி வைத்தார்; பிக்கப் (தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் கம்பிச்சுருள்) சுற்றியவர்களில் ஒருவர் அபிகெயில் இபாரா. அந்தக் கைகளின் தடம் கலையாமல் இருப்பதற்குத்தான் சேகரிப்பாளர் பணம் தருகிறார். மறுபெயின்ட் அடித்தால் மதிப்பு பாதியாவது இந்தச் சந்தையின் பொதுக் கணக்கு. ஆகவே பாதி விலை என்பது சலுகை இல்லை, அதன் சரியான விலையே அதுதான். விற்கும்போது நீங்களும் பாதிதான் கேட்க முடியும். விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்தால் இன்னொரு சிக்கல். 1992 முதல் அந்த மரம், அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறு நாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது.

பங்கு விற்கும் ஆப் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. கிடாரைத் தொடவும் முடியாது, வாசிக்கவும் முடியாது. விற்க நினைத்தால் அதே ஆப்பில் இன்னொருவர் வாங்க முன்வர வேண்டும். கட்டணம் மட்டும் தவறாமல் பிடிப்பார்கள். அதுவும் கடன் பணத்தில்!

சரி, இப்போது என்ன செய்வது? ஐந்து கிடாருக்கும், விளம்பரத்தில் பார்த்த விலையை அல்லாமல், ஒரு கடைக்காரர் இன்றே ரொக்கமாகத் தரும் விலையைக் கேட்டு எழுதுங்கள். கடனைவிட அதிகம் என்ற தைரியம் அங்கே நிற்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரிஜினல் பெயின்ட்டும் பழைய ரசீதும் உள்ளவை சீக்கிரம் விலை போகும். கொடுக்க மனசு வராதுதான், நீங்கள் அதிகம் நேசிப்பதும் அவையாகவே இருக்கும். இருந்தாலும் அவற்றில் ஒன்றையாவது விற்று, வந்த பணம் முழுவதையும் அசலில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடுத்த டாப்-அப்புக்கு அழைப்பு வந்தால் வேண்டாம் என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். தவணை சம்பளத்தில் கால் பங்குக்குக் கீழே இறங்கிய பிறகு ஆறாவது கிடாரைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் சேமித்த பணத்தில்.