புதிதாக வரும் கணினி அனிமேஷன் சூப்பர்ஹீரோ தொடர்களில் தெருக்கள் ஏன் காலியாக இருக்கின்றன? சண்டையில் அடி ஏன் கனமாக விழவில்லை?

கையால் வரையும்போது கூட்டத்தில் நிற்பவருக்கு ஓர் ஓவியமே போதும். கணினியின் முப்பரிமாணத்தில் அவருக்கும் மாடல் (உருவ வடிவம்), டெக்ஸ்சர் (தோல், துணியின் மேற்பரப்புத் தோற்றம்), ரிக் (உருவத்தை அசைக்க உதவும் எலும்புக்கூடு போன்ற அமைப்பு) மூன்றும் வேண்டும். தொடரின் பட்ஜெட் நாயகனிடமும் வில்லனிடமுமே கரைந்துவிடும். 2011-இல் தொடங்கிய கிரீன் லேன்டர்ன் என்ற கணினி அனிமேஷன் சூப்பர்ஹீரோ தொடர் பெரும்பாலும் விண்வெளியில் நடப்பதால் அங்கே இது உறுத்தாது.

அடி கனமாக விழாததற்குக் காரணம் வேறு. திரையில் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. அனிமேட்டர் அமைக்கும் இரண்டு முக்கிய போஸ்களுக்கு (உடல் நிலைகளுக்கு) இடைப்பட்டதைக் கணினி சீராக நிரப்பினால் குத்து மிதக்கும். கை ஓங்கும்போது சில பிரேம் நிறுத்தி, அடியை இரண்டே பிரேமில் முடித்து, பட்ட இடத்தில் மறுபடி நிறுத்தினால்தான் கனம் தெரியும். மேலங்கி பலகைபோல் விறைத்திருப்பதும் துணியின் அசைவைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷனைத் தவிர்ப்பதால்தான்.

முதல் எபிசோடை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம். செய்த மாடல்கள் சேரச்சேர, பிற்பகுதியில் தெருவில் ஆட்கள் கூடுவார்கள்.