4294967297: 2 சொல்வதை நம்பாதீர்கள்

பெர்மா சோதனையில் (அடிமானத்தை N−1 அடுக்குக்கு உயர்த்தி N-ஆல் வகுப்பது; N பகா எண் என்றால் மீதி 1 வரும்) 2-ஐ அடிமானமாக வைத்தால் மீதி 1 வருகிறது, அப்படியானால் 4294967297 பகா எண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பகு எண். உங்கள் நிரலும் சரியாகத்தான் ஓடுகிறது.

இந்த எண் (N) 2^32 + 1. அதனால் 2^32-ஐ N-ஆல் வகுத்தால் மீதி −1, 2^64-க்கு மீதி 1. சோதனையில் வரும் அடுக்கு N−1 = 2^32, அது 64-இன் மடங்கு. பிறகு 1 வராமல் என்ன செய்யும்? இதைவிடக் கடுமையான பகா எண் சோதனையான மில்லர்-ராபினும் 2-ஐ வைத்தால் இதே போல ஏமாறும். 3-ஐ வைத்தால் குட்டு உடைந்துவிடும்.

காரணி தேட 3, 5, 7 என்று ஏற வேண்டாம். இதன் பகாக் காரணிகள் எல்லாம் 128k + 1 வடிவம்தான் (k முழு எண்). 129, 385, 513 பகு எண்கள், 257 வகுக்காது, அடுத்த 641 மீதியின்றி வகுக்கும், ஈவு 6700417. (ஆய்லர் 1732-இல் கண்டதும் இதுவே.) ஈவின் வர்க்கமூலம் 2589-க்குள். அதுவரை அதே வடிவில் மிஞ்சும் பகா எண்கள் 641, 769, 1153, 1409 மட்டும். எதுவும் வகுக்காது, ஆகவே 6700417 பகா எண். N-இன் மொத்த வகுஎண்கள் 4, கூட்டுத்தொகை 4301668356.

3-ஐ வைத்து ஓட்டும்போது நிரலில் எண்ணை வைக்கும் மாறியின் அளவைப் பாருங்கள். குறியில்லா 32 பிட்டில் 2^32 அடங்காது, N வெறும் 1 ஆகிவிடும். 64 பிட்டிலும் N−1-ஐ வர்க்கப்படுத்தினால் 2^64, அதுவும் அடங்காமல் 0 ஆகிவிடும். பெருக்கலுக்கு 128 பிட் வேண்டும்.