போலந்து வீட்டின் வாசற்படியில்: கேள்வி பதில்

கிராக்கோ நகரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வாழ்ந்து, என் பிள்ளைகள் இருவரையும் அங்குள்ள பள்ளியில் படிக்கவைத்து வருகிறேன். அந்த அனுபவத்தை நம்பி, படிக்கவோ பணிக்கோ போலந்துக்குப் புறப்படும் பலர் என்னிடம் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: போலந்தைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வர வேண்டுமென்றால் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

123 ஆண்டுகள் போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை என்பதை. ரஷ்யாவும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் அந்த நாட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. 1918 நவம்பர் 11 அன்றுதான் அது மீண்டும் சுதந்திர நாடாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மொழியையும் பாட்டையும் பண்டிகையையும் காப்பாற்றியது வீடுதான். 1901இல், ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த வ்ஷெஷ்னியா என்ற சிற்றூரில், சமயப் பாடத்திற்கு ஜெர்மன் மொழியில் விடை சொல்ல மறுத்த பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அடித்தார்கள். எதிர்த்துக் கேட்ட பெற்றோர் சிலர் சிறைக்குச் சென்றார்கள். இன்றும் ஒரு போலந்துக்காரர் தம் மொழியையோ பள்ளியையோ பண்டிகையையோ பற்றிப் பேசும்போது குரலில் ஏறும் அழுத்தத்தின் காரணம் இதை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

கேள்வி: உடன் பணிபுரிபவர் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். எப்படி நடந்துகொள்வது?

வாசற்படியின் இருபுறமும் நின்றபடி கைகுலுக்கக் கூடாது. அது ஆகாது என்பது அங்குள்ள நம்பிக்கை. உள்ளே காலெடுத்து வைத்த பிறகு கைகொடுங்கள். காலணியைக் கழற்றுவது நமக்குப் பழக்கமானதே. பூக்கொத்து கொண்டுசென்றால் பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கட்டும், இரட்டைப்படை துக்க வீட்டுக்கு உரியது. பெரியவர்களையும் புதியவர்களையும் ஆண்களாயின் 'பான்', பெண்களாயின் 'பானி' என்று சேர்த்தே பேச வேண்டும்; அது ஏறத்தாழ நம் 'நீங்கள்' போன்றது, ஒருமையில் பேசலாமென்று அவர்களே சொல்லும்வரை விட்டுவிடக் கூடாது. 'விருந்தினர் வீட்டுக்குள் வந்தால் கடவுளே வீட்டுக்குள் வந்ததாகும்' என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. நான் பார்த்தவரை அதை வாய்வார்த்தையாக மட்டும் வைத்துக்கொண்ட வீடுகள் குறைவு.

கேள்வி: நான் சைவ உணவு மட்டுமே உண்பவள். அங்கே பட்டினி கிடக்க நேருமா?

நேராது. ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டியிருக்கும், ஏனெனில் காய்கறி சூப் என்று வருவதும் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்யப்பட்டிருக்கும். உங்களுக்கு முதல் துணை பியெரோகி. மைதா மாவை மெல்லியதாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, பூரணம் வைத்து, கொழுக்கட்டை போல மடித்து வெந்நீரில் வேகவைப்பார்கள். அவற்றுள் உருளைக்கிழங்கும் த்வருக் என்னும் புதுப் பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும் சேர்ந்த 'ருஸ்கியெ' வகையே எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பெயரைக் கேட்டு அது ரஷ்யப் பண்டம் என்று எண்ண வேண்டாம்; இன்றைய மேற்கு உக்ரைனையும் போலந்தின் தென்கிழக்கு ஓரத்தையும் உள்ளடக்கிய ருத்தேனியப் பகுதியைக் குறிக்கும் சொல் அது. மேலே பன்றிக் கொழுப்புத் துண்டுகளைப் பொரித்துத் தூவும் வழக்கம் இருப்பதால், அது வேண்டாமென்று முன்பே சொல்லிவிட வேண்டும். உருளைக்கிழங்கு அடை, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய நலெஷ்னிக்கி ஆகியவையும் உண்டு. இவை எல்லாம் மலிவாகக் கிடைக்கும் இடம் 'பார் ம்லெச்னி', அதாவது பால் உணவகம். இறைச்சியில்லாத உணவுகளுக்கு அரசு மானியம் பெறும் எளிய சாப்பாட்டுக் கடை அது. மாணவரும் ஓய்வூதியரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கும் அந்த இடத்தில்தான் நான் போலந்து உணவைக் கற்றுக்கொண்டேன்.

புளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட குளிர்காலத்தைக் கடக்க, முட்டைக்கோசையும் வெள்ளரிக்காயையும் உப்பில் ஊறவைத்து நொதிக்கச் செய்வது அந்நாட்டுச் சமையலின் அடித்தளம். கோதுமை போன்ற ரை தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, பூண்டு தட்டிப் போட்டு, நாலைந்து நாள் புளிக்கவைத்து எடுக்கும் நீரில் ஜுரெக் என்ற சூப் செய்கிறார்கள். அதில் தொத்திறைச்சியும் முட்டையும் சேர்வதால் உங்களுக்கு ஆகாது, ஆனால் அந்த மணத்தை முதல் முறை நுகர்ந்தபோது எனக்கு எங்கள் வீட்டு மாவுப்பானை நினைவுக்கு வந்தது.

கேள்வி: டிசம்பர் 24 அன்று பக்கத்து வீட்டில் இரவு உணவுக்கு அழைத்திருக்கிறார்கள். போகலாமா?

கட்டாயம் போங்கள். ஆண்டின் மிக அந்தரங்கமான குடும்ப இரவு அது, பெயர் விகிலியா. மேசை விரிப்பின் அடியில், இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாக, சிறிதளவு வைக்கோல் இருக்கும். வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உணவு தொடங்கும். அதற்கு முன் ஒப்வாதெக் என்ற மெல்லிய கோதுமை அப்பளம் ஒன்றை உங்கள் கையில் தருவார்கள். ஒவ்வொருவரும் மற்றவரின் அப்பளத்திலிருந்து ஒரு துண்டை உடைத்துத் தின்று, அவர் கண்ணைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுதும் பேசாதிருந்தவர்கள்கூட அப்போது பேசிவிடுவார்கள். மரபுப்படி 12 பதார்த்தங்கள், ஒன்றிலும் இறைச்சி இராது: பீட்ரூட் சூப்பில் மிதக்கும் காளான் பூரணச் சிறு கொழுக்கட்டைகள், கார்ப் மீன், ஹெர்ரிங் மீன், முட்டைக்கோசு பியெரோகி, கசகசா கேக், உலர்பழக் கஷாயம். மீனை ஒதுக்கினால் சைவருக்கும் வயிறு நிறையும். மேசையில் ஓர் இடம் தட்டுடன் காலியாக விடப்பட்டிருக்கும்; எதிர்பாராது வந்து கதவைத் தட்டும் வழிப்போக்கருக்கானது அது. மறைந்துபோன ஒருவரை நினைத்து அதைப் பார்ப்பவர்களும் உண்டு.

கேள்வி: எங்கள் மகளுக்கு எட்டு வயது. போலிஷ் ஒரு சொல்லும் தெரியாது. அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், கட்டணம் இல்லை. போலந்தில் வசிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கல்வி உண்டு. கூடுதல் போலிஷ் வகுப்புகளுக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஏழு வயதில் முதல் வகுப்பு, எட்டு ஆண்டு தொடக்கப்பள்ளி, பிறகு 'லிசெயும்' எனப்படும் நான்காண்டு மேல்நிலைப்பள்ளி அல்லது ஐந்தாண்டுத் தொழில்நுட்பப் பள்ளி என்பது இப்போதைய அமைப்பு. எட்டாம் வகுப்பு முடிவில் போலிஷ், கணிதம், ஓர் அயல்மொழி ஆகியவற்றில் பொதுத்தேர்வு. பள்ளிப்படிப்பின் இறுதியில் மே மாதத்தில் மத்தூரா. அந்தத் தேர்வுக்கு ஏறத்தாழ நூறு நாள் முன்பாக, மாணவர்கள் அலங்கார உடையில் பொலோனேஸ் நடனத்துடன் ஒரு விருந்து நடத்துவார்கள்.

மதிப்பெண் 1 முதல் 6 வரை. 6 மிக உயர்ந்தது, 1 தோல்வி. இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்த்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். சராசரி 4.75 அல்லது அதற்கு மேலிருந்து நன்னடத்தையும் இருந்தால் சான்றிதழில் சிவப்புப் பட்டை வரும், வீட்டில் அதற்குத் தனி மரியாதை. அக்டோபர் 14 ஆசிரியர் நாள். 1773இல் அதே நாளில்தான், ஐரோப்பாவின் முதல் கல்வி அமைச்சகம் என்று பலரும் கருதும் தேசியக் கல்வி ஆணையம் உருவாக்கப்பட்டது. முதல் பங்கீட்டில் நிலத்தை இழந்த மறு ஆண்டே ஒரு நாடு பள்ளிகளைச் சீரமைக்க அமர்ந்தது என்பது என்னை இன்றும் நெகிழ வைக்கிறது.

கேள்வி: மேரி கியூரி பிரெஞ்சுக்காரரா, போலந்துக்காரரா?

வார்சாவில் 1867இல் பிறந்த மரியா ஸ்க்வொதோவ்ஸ்கா அவர். ரஷ்ய ஆட்சியின்கீழ் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லாததால், வீடு மாற்றி வீடு இரகசியமாக நடந்த 'பறக்கும் பல்கலைக்கழக'த்தில் பயின்றார். அக்காளின் மருத்துவப் படிப்புக்குப் பணம் அனுப்ப, பிற வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1891இல்தான் பாரிசு சென்றார். 1898இல் கண்டறிந்த தனிமத்துக்குப் பொலோனியம் என்று பெயரிட்டபோது, போலந்து என்ற அரசு உலகில் இல்லை. 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பெற்றார். போலந்தில் பேசும்போது ஸ்க்வொதோவ்ஸ்கா என்ற பெயரை விடாமல் சொல்லுங்கள்.

கேள்வி: வானியலாளர் கோப்பர்னிக்கஸ், இசையமைப்பாளர் ஷோப்பான், கியூரி தவிர வேறு யாரை அறிய வேண்டும்?

ஜெர்மானியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை 1932 டிசம்பரில் கணித முறையால் முதலில் உடைத்த மரியான் ரெயெவ்ஸ்கியையும், அவருடன் உழைத்த ருஜித்ஸ்கி, ஜிகால்ஸ்கி இருவரையும் சொல்வேன். 1939 ஜூலையில், போருக்குச் சில வாரங்களே இருக்க, தம் முறையைப் போலந்து பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அளித்தது. கிராக்கோவில் வாழ்ந்து 1996இல் நோபல் பெற்ற கவிஞர் விஸ்வாவா ஷிம்போர்ஸ்காவை மொழிபெயர்ப்பிலாவது படியுங்கள். எல்லாருக்கும் மேலாக யானுஷ் கொர்ச்சாக்: மருத்துவர், எழுத்தாளர், வார்சாவில் யூத அனாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்தியவர். பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றத்தை அங்கே ஏற்படுத்தி, தம்மையும் அதன் விசாரணைக்கு உட்படுத்திக்கொண்டார். 1942 ஆகஸ்டில், தப்பிக்கும் வாய்ப்பை மறுத்து, தம் பிள்ளைகளுடனேயே திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குச் சென்றார்.

கேள்வி: ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் பற்றி அங்குள்ளவர்களிடம் பேசலாமா?

பேசலாம், சொல்லைக் கவனித்து. 'போலந்து முகாம்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது ஆக்கிரமிக்கப்பட்ட போலந்து மண்ணில் நாஜி ஜெர்மனி அமைத்தது. போருக்கு முன் போலந்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் கொல்லப்பட்டார்கள்.

கேள்வி: போலந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு. வாண்டா தினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1935இல் இந்தியா வந்து, உமாதேவி என்ற பெயரில் வாழ்ந்தார். திருவண்ணாமலையில் ரமணரை நாடிச் சென்ற அவர், சென்னையில் 1944இல் இந்திய-போலந்து நூலகம் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, இந்திய நூல்களைப் போலிஷில் வெளியிட்டார். திருக்குறளும் அவர் வழியே அம்மொழிக்குச் சென்றது. வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: போலிஷ் கற்பது கடினமா?

கடினம்தான், ஆனால் வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு ஆங்கிலேயரைவிடச் சற்று எளிது. போலிஷில் ஏழு வேற்றுமைகள், விளி வேற்றுமையும் அவற்றுள் ஒன்று. நகரத்தின் பெயர் லோட்ஸ் என்று எழுதியிருப்பது போலத் தெரியும், ஆனால் வூச் என்று ஒலிக்கும்; எழுத்தின் விதிகளை ஒரு வாரம் படித்தால் இத்தகைய வியப்புகள் தீரும். வந்து இறங்கும் முன் மூன்றை மட்டும் நாவில் ஏற்றிக்கொள்ளுங்கள்: பகல் வணக்கத்துக்கு 'ஜென் தோப்ரி', நன்றிக்கு 'ஜென்குயெ', மன்னிக்கவும் என்பதற்கு 'ப்ஷெப்ராஷாம்'. கடைக்குள் நுழையும்போது முதலாவதைச் சொல்லாமல் பொருளைக் கேட்காதீர்கள்.