தனியாக எழுதிய தேர்வு

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம் என்றால் 20 வருடமாக 'மேடன்' ஒன்றுதான் விற்பனையில் சக்கைப்போடு போடுகிறது. அதுதான் சிறந்தது என்று மக்களே செய்த தேர்வுதானே இது?
(வாசகர், ஈரோடு)

பதில்: 'தேர்வு' என்று போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் மொழியில் பரீட்சைக்கும் அதுதான் பெயர், பிடித்ததை எடுத்துக்கொள்வதற்கும் அதுதான் பெயர். ஒரே ஒரு பையன் உட்கார்ந்து எழுதிய பரீட்சையில் அவன்தான் முதல் மார்க், கடைசி மார்க்கும் அவன்தான். மேடன் எழுதியது அந்தப் பரீட்சை.

2004 ஜூலையில் 'இஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5' என்ற கால்பந்து ஆட்டத்தை சேகா நிறுவனம் 20 டாலருக்கு இறக்கியது. அப்போது மேடன் 50 டாலர். விலை குறைவு என்றால் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் டிவியில் வருகிற மாதிரியே தொகுப்பாளர் வந்து, நீங்கள் ஆடியதையே காட்சி காட்சியாகப் போட்டுக் காட்டிப் பேசுவார். மேடனைத் தயாரிக்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நவம்பரில் அதன் விலையை 30 டாலருக்கு இறக்கவேண்டி வந்தது. டிசம்பரில் என்ன செய்தது? அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லோடும் அதன் வீரர்கள் சங்கத்தோடும் தனி உரிமை ஒப்பந்தம் போட்டது. இனி நிஜ அணி, நிஜ வீரர் பெயர் வேறு யாரும் போடக்கூடாது! அடுத்த வருடம் விலை திரும்ப 50. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்போம். இங்கே ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பூட்டினார்கள். மேடனை வாங்கியவர்கள் 2008-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மேல் வழக்குப் போட்டு, 2012-இல் 2.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

சேகாவிடமிருந்து 2கே ஆட்டங்களைக் கையில் எடுத்த டேக்-டூ நிறுவனம் மட்டும் உத்தமரா? 2005 ஜனவரியிலேயே பேஸ்பாலில் இதே வேலையைச் செய்து, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் அருமையான 'எம்விபி பேஸ்பால்' ஆட்டத்துக்கு அமெரிக்க பேஸ்பால் லீகான மேஜர் லீக்கின் வாசலை அடைத்தது. கூடைப்பந்தில் மட்டும் இப்படி யாரும் பூட்டவில்லை. அங்கே இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதி, 2010-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 'என்பிஏ எலீட் 11' கடைக்கு வரும் நேரத்தில் ரத்தானது, 2கே ஜெயித்தது. அதை நான் தேர்வு என்று ஒப்புக்கொள்வேன்.

விற்பனைக் கணக்கைக் காட்டித் தரத்துக்குச் சான்றிதழ் கொடுப்பவர்களோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. என் மகள் படித்த பள்ளியில் சீருடை ஒரே கடையில்தான் வாங்கவேண்டும். ஜூன் மாதம் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது. மூன்றாவது துவைப்பிலேயே காலர் ஓரம் நூல்நூலாகப் பிரிந்து வரும், இரண்டாவது பித்தானைத் தேடவே வேண்டாம், அது போயிருக்கும். ஆனாலும் அடுத்த ஜூனில் அதே வரிசையில் அதே அப்பா அம்மாக்கள் நாங்கள்தான் நிற்போம். அந்தக் கூட்டத்தைப் பார்த்து 'ஊரிலேயே நல்ல சட்டை இங்கேதான்' என்று நீங்கள் எழுதினால் எனக்குக் கோபம் வருமா வராதா?

மக்களின் தேர்வு எது என்று கேட்டால் அந்த 2004-ஆம் வருட 2கே5 டிஸ்க்கைச் சொல்வேன். அதில் இன்றைய அணிகளின் வீரர் பட்டியலைத் தாங்களே ஏற்றி, காசு வாங்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்து, இத்தனை வருடம் கழித்தும் ஆடிக்கொண்டிருக்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள்.