கள்ளிச் செடிகளுக்கெல்லாம் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றுதானா?

பெரும்பாலும் ஒன்றுதான். அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் உள்ள குரோமோசோம்கள், 11. உடல் செல்லில் இரண்டு தொகுதி, 22. அரிசோனாவில் நாற்பது அடி உயர்ந்து நிற்கும் சகுவாரோவுக்கும் 22, இலையோடு சாதாரணப் புதர்போல வளரும் பெரெஸ்கியாவுக்கும் 22. இங்கே ஒரு எச்சரிக்கை: உடைத்தால் பால் வடியும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. அவை ஆமணக்குக் குடும்பம்.

இந்த 22-ஐ நம்பித்தான் நான் ஏமாந்தேன். தாவரவியல் படித்தபோது எண்ணூர்க் கடற்கரை மணலில் கிடந்த சப்பாத்திக்கள்ளித் துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் தண்டையார்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். பெரிய முள்ளை விடுங்கள். கண்ணுக்கே தெரியாத பொடிமுள் இரண்டு நாள் விரலில் உறுத்தியது. வீட்டுக்குள் கள்ளியா என்று அம்மா சத்தம் போட்டதால் மொட்டைமாடியில் மணல் தொட்டி. சில வாரங்களில் வேர் விட்டது.

குரோமோசோம்களை எண்ண, வேர்நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்க்க வேண்டும். கள்ளியின் வழவழப்பு செல்களைப் பிரியவிடாது. குரோமோசோம்களோ ஏறத்தாழ இரண்டு மைக்ரோமீட்டர். எல்லாம் கடுகு கொட்டியதுபோல ஒரே மாதிரி. முதல் எண்ணிக்கை 63, அடுத்தது 65. தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "பதினொன்றால் வகுத்துப் பாருங்கள்" என்றார். 66! ஆறு தொகுதிகள்.

வழக்கமான இரண்டுக்கு மேல் தொகுதிகள் இருக்கும் இந்த நிலைதான் பன்மடியம். இனப்பெருக்க செல் உருவாகும்போது குரோமோசோம்கள் சில சமயம் பாதியாகாமலே போய்விடும். 44 உள்ள செடியில் பாதியாகாத செல்லும் (44) முறையாகப் பாதியான செல்லும் (22) சேர்ந்தால் 66. இப்படிப் பிறப்பவற்றில் பலவற்றுக்கு விதை சரியாகப் பிடிக்காது. வேறு செடியென்றால் அதோடு வம்சம் முடிந்திருக்கும். சப்பாத்திக்கள்ளிக்கு அந்தக் கவலை இல்லை, ஒடிந்து விழுந்த துண்டே வேர் பிடித்துவிடும். இந்தக் குடும்பத்தில் பன்மடியம் சப்பாத்திக்கள்ளிக் கூட்டத்தில் குவிந்திருப்பதற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். பழத்துக்காக வளர்க்கும் இந்தியத்தி என்ற சப்பாத்திக்கள்ளி வகைக்கு 88. தங்கசாலைப் பழக்கடையில் பார்க்கும் டிராகன் பழமும் கள்ளிதான்: சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் உள்ளதற்கு 22, மஞ்சள் தோலும் முள்ளும் உள்ளதற்கு 44.

எண்ணிக்கை மாறாத இனங்களில் எதுவுமே மாறவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவாக ஒரு ஜோடி குரோமோசோமின் நுனியில் சாட்டிலைட் என்னும் சிறு குமிழ் தொங்கும். புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்என்ஏ மரபணுக்கள் இருக்கும் இடம் அதன் பக்கத்தில்தான். ஒளிரும் சாயம் ஏற்றினால் குரோமோசோமில் தெரியும் பட்டைகள் இனத்துக்கு இனம் வேறுபடும். அசிட்டோகார்மைனில் எல்லாமே கடுகாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்தச் சாயத்துக்குப் பட்டைகளைப் பிரித்துக் காட்டத் தெரியாது.